கெய்சர் என்றால் வெந்நீர் ஊற்றா?

ஐஸ்லாந்துப் பயணக் குறிப்பு எதைத் திறந்தாலும் "ஸ்ட்ரோக்கூர் வெந்நீர் ஊற்று" என்றுதான் எழுதியிருக்கிறது. தமிழில் வெந்நீர் ஊற்று என்றால் திருகோணமலைக் கன்னியாவில் வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறார்களே, அது. ஸ்ட்ரோக்கூரோ கெய்சர்; அங்கே துண்டோடு போனால் கயிற்றுக்கு இப்பாலேயே நிற்க வேண்டியதுதான். ஆறு முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர் நீலக் குமிழாக உப்பி, உடைந்து, 15 முதல் 20 மீட்டர் உயரத்துக்கு எழும்பும்.

கெய்சர் என்ற சொல் பிறந்த இடமும் ஸ்ட்ரோக்கூர் இருக்கும் அதே ஹாக்காடலூர் பள்ளத்தாக்குதான். ஐஸ்லாந்து மொழியில் 'கெய்சா' என்றால் பீறிட்டுப் பாய்தல். அதிலிருந்து வந்த 'கெய்சிர்' அங்குள்ள ஒரே ஒரு ஊற்றின் பெயர். உலகம் அதைப் பொதுப்பெயராக்கிக்கொண்டது. நம் ஊரிலோ குளியலறையில் கீசராகத் தொங்குகிறது.

"கொதிநீர் ஊற்று என்று போடலாமே" என்பவர்கள் உண்டு. அதுவும் பிசகு. ஐஸ்லாந்தின் டெய்ல்டார்டுங்குக்வெர் என்ற ஊற்று 97 பாகை சூட்டில் நொடிக்கு 180 லிட்டர் பொங்கி ஓடுகிறது. ஆனால் இடைவிட்டுப் பீறி எழுவதில்லை. ஆகவே சூடு மட்டும் அடையாளமாகாது, பாய்ச்சல்தான் அடையாளம். கெய்சரின் அடியில் உள்ள நீரை மேலிருக்கும் நீரின் எடை அழுத்துவதால் அது 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். மேல்நீர் கொஞ்சம் வழிந்ததும் அழுத்தம் குறைந்து, அடிநீரில் ஒரு பங்கு சட்டென்று ஆவியாகி மொத்தத்தையும் தூக்கி எறிகிறது. ஓய்ந்துபோன கெய்சிரை எழுப்ப 1935இல் விளிம்பில் வாய்க்கால் வெட்டி நீர்மட்டத்தை இறக்கியதும் இதே கணக்கில்தான்.

ஐஸ்லாந்துக்காரர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. கொதிக்கும் ஊற்று 'க்வெர்'. பீறுவது 'கோஸ்க்வெர்', அதாவது பீறலோடு சேர்ந்த ஊற்று. குளிக்கத் தகுந்தது 'லோய்க்'. மூன்றையும் வெந்நீர் ஊற்று என்ற ஒரே சட்டிக்குள் போட்டுக் கிண்டுவது நம் மொழிபெயர்ப்பாளர்கள்தான். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது அவர்களுக்கு.

என் கட்சி 'பீறூற்று'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. பீறு என்றால் கிழிப்பதும் ஆகுமே என்றால், ஆகட்டும். நிலத்தைக் கிழித்துக்கொண்டுதானே வருகிறது! 'சீறூற்று' காதுக்கு இனிமைதான், ஆனால் சங்கப் பாட்டில் சீறூர் சிற்றூர்; அந்தப் பழக்கத்தில் இதைச் சின்ன ஊற்று என்று படித்துவிடுவார்கள். 'பீச்சூற்று' என்று பரிந்துரைப்பவர்கள் அதை ஒருமுறை வீட்டில் உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஹாக்காடலூர் ஊற்றின் இயற்பெயரைக் கெய்சிர் என்றே எழுதுங்கள். ஸ்ட்ரோக்கூரையும் அப்படியே விடலாம். பொருள் தேவைப்பட்டால் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்: வெண்ணெய் கடையும் தாழி.