69 சதவீதம் யாருக்கு, மீதி 31 யாருக்கு?

மே, ஜூன் மாதங்களில் காரைக்குடி இ-சேவை மையங்களில் சாதிச் சான்றிதழுக்கு நிற்கும் வரிசையில் ஒரு வாக்குவாதம் தவறாமல் கிளம்பும். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டைப் பற்றி, "69 நம்மவர்களுக்கு, 31 முன்னேறிய வகுப்புக்கு" என்று ஒருவர் தொடங்குவார். கணக்கு அங்கேயே பிசகிவிடுகிறது.

எந்த இடம் எந்த வகுப்புக்கு என்று வரிசைப்படுத்தும், தமிழ்நாடு அரசுப் பணிக்கான இனச்சுழற்சிப் பட்டியலில் 200 இடங்கள். பொதுப்போட்டிக்கு 62, அதாவது 31 சதவீதம். பிற்படுத்தப்பட்டோருக்கு 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 7, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 40, ஆதிதிராவிடருக்கு 36 (அதில் 6 அருந்ததியருக்கு), பழங்குடியினருக்கு 2. முதலில் சொன்ன அந்த 62 எந்தச் சாதிக்கும் எழுதிக்கொடுத்ததல்ல. தேவகோட்டையில் படித்த பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண் மதிப்பெண்ணில் முதல் 62 பேருக்குள் வந்தால் பொதுப்போட்டியில்தான் சேர்வார். அவர் வகுப்புக்கான 53இல் ஒன்றும் குறையாது.

அடுத்த கேள்வி கடினமானது. எல்லாச் சாதியும் எல்லாப் பதவியிலும் தலைக்கணக்குப்படி உட்காரும்வரை இது நீளுமா? அரசியலமைப்பின் 16(4) பிரிவு "போதிய" பிரதிநிதித்துவம் என்றுதான் சொல்கிறது. அதை விகிதாசாரம் என்று வாசிக்கக் கூடாது என மண்டல் ஆணைய ஒதுக்கீடு குறித்த 1992 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகச் சட்டம் சமமான முடிவை வாக்களிக்கவில்லை. போதிய ஆள் இல்லாத இடத்தில் ஆள் வரவேண்டும் என்கிறது, அவ்வளவே.

எனக்கு அது சரியென்றே படுகிறது. நம் ஊர்க் கதையையே பாருங்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் வீட்டுப் பையன் சிறுவயதிலேயே பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பலேறி, கடையில் பணப்பெட்டியருகே உட்கார்ந்து தொழில் கற்கும் பெட்டியடிப் பையனாக வட்டிக் கணக்கு பழகினான். பின்னாளில் வங்கித் தொழிலில் அவர்கள் நிறைந்திருந்ததில் சூதும் இல்லை, பிறவி மேதைமையும் இல்லை, பழக்கம். அதே ஊரில் அந்தப் பெட்டியடி யாருக்குத் திறக்கவே இல்லை என்று கேட்டால்தான் ஒதுக்கீட்டின் நியாயம் புரியும். வித்தியாசத்தைக் கண்டதும் அநீதி என்று முடிவுகட்டுவதும் அவசரம், இயற்கை என்று கைகழுவுவதும் அவசரம்.

அமெரிக்காவில் இதே வழக்கு நிறத்தின் பெயரால் நடந்தது. கல்லூரிச் சேர்க்கையில் இனவாரியாக இடம் ஒதுக்குவதை 1978இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2023இல், ஹார்வர்டு வழக்கில், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதையே ஏறத்தாழ முடித்துவைத்தது. இங்கே 69 சதவீதச் சட்டத்தை 1994இல் அரசியலமைப்பின் 76ஆவது திருத்தம், நீதிமன்றச் சவால்களிலிருந்து சட்டங்களைக் காக்கவென உள்ள ஒன்பதாம் அட்டவணையில் ஏற்றிவிட்டது.

இனி நடைமுறை. அழகப்பச் செட்டியாரின் கொடையில் எழுந்த இரண்டு வளாகங்கள் காரைக்குடியில் இருக்கின்றன. விதிகள் வேறு வேறு. அழகப்பா பல்கலைக்கழகம் மாநிலத்துடையது, அங்கே 69. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், அகில இந்தியப் போட்டி நியமனங்களுக்கு, இதர பிற்படுத்தப்பட்டோர் 27, பட்டியல் சாதியினர் 15, பழங்குடியினர் 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் 10. மாநில ஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு கிடையாது. மத்திய அரசின் 27க்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஆனால் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கூட்டலில் சேராது. இதை அறியாமல் விண்ணப்பிக்காமலே திரும்பிவிடுபவர்களைப் பார்க்கும்போதுதான் வருத்தம்.

நலிந்த பிரிவினருக்கான பத்து சதவீதத்தில் இன்னொரு சிக்கல். மாநிலப் பணிகளில் அது இல்லை. மத்தியில் வருமான வரம்போடு சொத்து வரம்பும் உண்டு: அறிவிக்கப்பட்ட நகராட்சிப் பகுதியில் வீட்டுமனை 100 சதுர கஜத்துக்குள், மற்ற ஊர்களில் 200க்குள் இருக்க வேண்டும். தெருவுக்குத் தெரு நீளும் பாட்டன் வீடு, அதில் பத்துப் பங்காளி, கையில் காசில்லை என்னும் குடும்பங்கள் இங்கே உண்டு. விதியை எழுதியவர்கள், செட்டிநாட்டு மாளிகைகள் நிறைந்த கானாடுகாத்தான் பக்கம் வந்திருக்க மாட்டார்கள்.