இரண்டாம் பக்கத்தில் இருந்த வரி

"ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாவளே டாக்டரம்மா, பெறவு என்னத்துக்கு இன்னொரு ரத்தம்?" என்று ஆச்சி கேட்டார். மடியில் மூன்று வயதுப் பேத்தி. இன்னும் தலை நிற்கவில்லை. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) குழந்தையின் அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன். ஆகவே ஆச்சி அந்தப் பெண்ணுக்கு மாமியார். அவள் தாயைப் பெற்றவரும் அவர்தான்.

கொண்டுவந்தது மைக்ரோஅரே என்கிற ஜீன் டெஸ்டின் ரிப்போர்ட். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'நார்மல்'. அதைப் பார்த்துவிட்டு, "பரம்பரைக் கோளாறு எதுவும் இல்லை" என்று வேறோர் இடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் வீணாய்ப் போயிருந்தது. இதே கதையை நான் அடிக்கடி கேட்கிறேன். 'ஜீன் டெஸ்ட்' என்று ஒற்றை டெஸ்ட் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பார்வை எட்டும் தூரம் வேறு. நார்மல் என்றால், அந்தப் பரிசோதனையின் கண்ணுக்கு எதுவும் படவில்லை, அவ்வளவுதான்.

ஆச்சிக்குப் பத்தமடைப் பாயை வைத்துத்தான் சொன்னேன். பாயைத் தூரத்தில் விரித்துப் பார்த்தால் பெரிய கிழிசல் தெரியும். குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் காரியோடைப் அப்படிப்பட்டது. டவுன் சிண்ட்ரோமைச் சரியாகவே காட்டிவிடும். ஏறக்குறைய 50 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளுக்குக் குறைவான இழப்பு பெரும்பாலும் அதற்குத் தெரியாது.

மைக்ரோஅரே, கோரையை எண்ணிப் பார்க்கிற மாதிரி. ஒரு சில்லில் லட்சக்கணக்கான சிறு டிஎன்ஏ துண்டுகள் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும். குழந்தையின் டிஎன்ஏவை நறுக்கி, ஒளிரும் சாயம் ஏற்றி அதன்மேல் விடுவார்கள். ஒவ்வொரு துண்டும் தன் ஜோடியோடு ஒட்டிக்கொள்ளும். ஓர் இடத்தில் ஒளி மங்கினால் இரண்டு பிரதிக்குப் பதில் ஒன்றுதான் இருக்கிறது, கூடினால் மூன்று. காரியோடைப்பை விட எவ்வளவோ நுணுக்கமானது. காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதத்துக்கு இதை முதலில் செய்யலாம் என்று 2010 வாக்கிலேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது.

சரி, எண்ணிக்கை சரியாக இருந்து, ஒரே ஒரு கோரையின் சாயம் மட்டும் மாறியிருந்தால்? எண்ணுகிறவருக்குத் தெரியாது. ஓர் இடத்துக் கோரையை உருவி வேறோர் இடத்தில் செருகியிருந்தாலும் கணக்கு சரியாகத்தான் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இப்படி இடமாற்றம் இருந்து, கரு திரும்பத் திரும்பக் கலைகிறது என்றால், அதைப் பிடிக்கப் பழைய காரியோடைப்தான் கைகொடுக்கும். புதியது எல்லாவற்றுக்கும் மேல் என்று நினைக்க வேண்டாம்.

சாயம் மாறிய கோரையைக் காண, எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். அதுதான் சீக்வென்சிங். ஃபிரெடெரிக் சாங்கர் 1977இல் தந்த முறை ஒரு நேரத்தில் சில நூறு எழுத்துகளைப் படித்தது. மனித மரபணுத் தொகுதியின் சுமார் 300 கோடி எழுத்துகளைப் படிக்கும் திட்டம் 1990இல் தொடங்கி 2003 வரை நடந்தது. இன்றைய கருவிகள் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கி, கோடிக்கணக்கான துண்டுகளை ஒரே சமயத்தில் படிக்கின்றன. ஓரிரு நாளில் ஒருவருடைய மொத்தத்தையும் படித்துவிடலாம். நாங்கள் பெரும்பாலும் கேட்பது எக்ஸோம்: புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதி மட்டும், மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. அதற்கும் எட்டாதவை உண்டு. அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் ஃப்ரஜைல் எக்ஸ் நோயில் மூன்றே எழுத்துகள் 200 தடவைக்கு மேல் திரும்ப வரும்; வழக்கமான எக்ஸோமும் மைக்ரோஅரேயும் அதைத் தவறவிட்டுவிடும். தனியாகக் கேட்க வேண்டும்.

இந்தக் குழந்தையின் ரிப்போர்ட்டில் இரண்டாம் பக்கம் ஒரு சின்ன வரி இருந்தது. பல இடங்களில், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என வந்த இரண்டு பிரதிகளும் நீள நீளமாக ஒன்றுபோலவே இருக்கின்றன என்று. தாய்மாமன் திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு, சராசரியாக எட்டில் ஒரு பங்கு இப்படி அமையும். அது நோயல்ல. ஆனால் முன்னோர் ஒருவரிடம் இருந்த பழுதான எழுத்து இரண்டு வழியிலும் வந்து சேர்ந்திருக்கலாம், அங்கே தேடுங்கள் என்று கை காட்டுகிற வரி. யாரும் அதைப் படித்துச் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஊதா மூடிக் குழாயில் மூன்று மில்லி ரத்தம். எக்ஸோமில் அப்படியொரு இடத்தில்தான் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அப்பா, அம்மா இருவரிடமும் ஒரு பிரதி இருக்கிறது. இருவருக்கும் நோய் இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. அதுவரை 'இவ வயித்துக் கோளாறு' என்று பேச்சு வாங்கிக்கொண்டிருந்த பெண், கணவரின் பெயரும் ரிப்போர்ட்டில் இருப்பதை விரல் வைத்துத் தடவிப் பார்த்தாள். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே வரச் சொல்லியிருக்கிறேன். 11ஆவது வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவை எடுத்து அந்த ஓர் எழுத்தைப் பார்க்க முடியும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால், எல்லாப் பக்கங்களோடும் மரபியல் ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள். 'பொருள் உறுதியாகாத மாற்றம்' (நோய்க்குக் காரணமா இல்லையா என்று இன்னும் தெரியாதது) என்று போட்டிருந்தால் அதை மட்டும் நம்பிக் கர்ப்பம் பற்றி முடிவெடுக்காதீர்கள். எக்ஸோம் செய்திருந்தால் ரா டேட்டாவையும் (கருவி படித்த எழுத்துகளின் மூலக் கோப்பு) கேட்டு வாங்கி வையுங்கள். இன்று புரியாதது, ஓரிரு வருஷம் கழித்து மறுபடி அலசும்போது புரிவது உண்டு. நோய் முற்றிய குழந்தை என்றால், டிஎன்ஏவை எடுத்துச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை போன பிறகு எதைத் தேடுவது என்றே தெரியாமல் தவிக்கும் பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஆச்சி மட்டும் வந்தார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில், சொந்தத்தில் இதேபோலக் குழந்தை இருந்த இரண்டு வீடுகளை எழுதிக் கொண்டுவந்திருந்தார். இன்னொரு பேத்திக்கும் ஒரு மாமன் மகனுக்கும் தை மாசம் பேச்சு நடக்கிறதாம். எழுத்து எது என்று தெரிந்துவிட்டதால் அதை மட்டும் பார்த்தால் போதும். இருவருக்கும் ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறோம்.