அந்த சூட்கேஸைத் தூக்கிப் போடாதீர்கள்

போன சனிக்கிழமையும் அதே கதைதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், செயின்ட் பால்ஸ் பகுதியில் கறுப்பின வரலாற்றுப் பயிலரங்கு. வீட்டில் இருப்பதைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம் என்பதுதான் அழைப்பு. ஜமைக்காவிலிருந்து வந்து இங்கேயே வாழ்ந்த அம்மாவை மூன்று மாதம் முன்பு பறிகொடுத்த ஒருவர் வந்தார். கையில் ஒரே ஒரு கல்யாணப் படம், லேமினேட் செய்து பளபளவென்று. மற்றதெல்லாம் எங்கே என்றேன்.

“சூட்கேஸ் நிறைய ரசீது, சம்பளச் சீட்டு. வரலாறு மாதிரி எதுவும் இல்லைங்க. குப்பையில் போட்டுவிட்டோம்.”

இந்த வருஷத்தில் இது நான்காவது சூட்கேஸ்.

ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவளுக்கு இதைவிட எரிச்சலான பேச்சு வேறில்லை. வரலாறு என்றால் கல்வெட்டு மட்டும்தானா? சரி, கல்லுக்கே போவோம். இதே ஊரின் ஹென்பரி தேவாலய வளாகத்தில் ஸிபியோ ஆஃப்ரிக்கானஸ் என்ற இளைஞனின் கல்லறை இருக்கிறது. சஃபோக் பிரபு வீட்டு வேலைக்காரன். 1720இல், 18 வயதில் இறந்தான். வண்ணம் தீட்டிய அழகான கல். அடிமையாகப் பிறந்த நான் இன்று கிறிஸ்தவனாக இனிதே உறங்குகிறேன் என்ற பொருளில் செய்யுள் வேறு. ‘நான்’ என்றுதான் இருக்கிறது, ஆனால் எழுதியது அவனில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர்கூட அதில் கிடையாது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு போவது அந்தக் கல்லைத்தான்.

உங்கள் அம்மாவின் சம்பளச் சீட்டில் இருப்பது அவர் பெயர், அவர் உழைத்த நேரம், அவர் வாங்கிய கூலி. 1963 வரை இந்த ஊர்ப் பேருந்துகளில் ஓட்டுநர், நடத்துநர் வேலைக்குக் கறுப்பினத்தவரையும் ஆசியர்களையும் எடுக்கவில்லை. 18 வயது கய் பெய்லிக்கு நேர்காணல் என்று சொல்லிவிட்டு, அவர் ஜமைக்காக்காரர் எனத் தெரிந்ததும் ரத்து செய்தார்கள். பால் ஸ்டீவன்சன், ராய் ஹாக்கெட் போன்றவர்கள் பேருந்துப் புறக்கணிப்பு நடத்தி நான்கே மாதத்தில் அந்தத் தடையை உடைத்தார்கள். 1964ஆம் வருஷத்துப் பேருந்து நிறுவனச் சம்பளச் சீட்டு ஒன்று என் மேசைக்கு வந்தால், அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

வரலாற்றைக்கூட விடுங்கள். சிறு வயதிலேயே கரீபியத்திலிருந்து சட்டப்படி வந்து இங்கேயே முதியவர்களானவர்களிடம், இங்கே வாழ்ந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அத்தாட்சி கேட்டது பிரிட்டிஷ் உள்துறை. அவர்கள் வந்திறங்கியபோது பதிந்த அட்டைகளை 2010இல் அழித்ததும் அதே துறைதான். பலருக்கு வேலை போனது, மருத்துவம் மறுக்கப்பட்டது, சிலரை நாடுகடத்தவும் செய்தார்கள். 2018இல், கரீபியர்களை ஏற்றி வந்த கப்பலின் பெயரால் விண்ட்ரஷ் விவகாரமாக அது வெடித்தபோது ஜனங்கள் தேடி அலைந்தது இந்த மாதிரிப் பழைய காகிதங்களைத்தான்.

ஆகவே, லேமினேஷன் கூடாது. கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிப்பது எங்களுக்கே பெரும்பாடு. (என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அப்பா லேமினேட் செய்து வைத்திருக்கிறார். ஊருக்குப் போகும்போதெல்லாம் வாயை மூடிக்கொள்கிறேன்.) கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள். ஒட்டும் ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு கொண்டு வாருங்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை ‘ஓடுதா பார்ப்போம்’ என்று போட்டுப் பார்க்காதீர்கள். படத்தின் பின்னால் பேனா வேண்டாம். மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த ஒரே ஆள் எண்பது வயதில் பக்கத்து அறையில் இருப்பார். இன்றைக்கே கேளுங்கள், அப்புறம் முடியாது. அவர் பேச்சைப் பதிவு செய்வதென்றால் அனுமதி வாங்கிவிட்டு.

எதையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தந்துவிடுவோம்.

அந்தக் கல்யாணப் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் நீல மையில் ஒரு வரி, லேமினேஷன் சூட்டில் கலைந்திருந்தது. ‘கிங்ஸ்டன்’ என்பது மட்டும் படிக்க முடிந்தது. பின்பக்கம் எழுத்து இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.