எல்லா டிராக்குக்கும் ஒரே பூஜ்யம்

ஒலிப்பதிவு முடிந்த பாட்டை மிக்ஸிங்குக்கு, அதாவது எல்லா ஒலிகளையும் அளவாகக் கலக்கும் வேலைக்கு, அனுப்பும்போது பலரும் புராஜெக்ட் ஃபைலை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். வாங்கியவர் திறந்து பார்த்தால் டிராக்குகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கும், சத்தம் மட்டும் வராது. பெரும்பாலான மென்பொருள்களில் அந்த ஃபைலுக்குள் ஒலியே கிடையாது என்பதுதான் காரணம்.

பாடிய குரலும் வாசித்த கிதாரும் தனித்தனி வேவ் ஃபைல்களாக வேறொரு ஃபோல்டரில் கிடக்கின்றன. இந்த ஃபைலின் இந்த இடத்திலிருந்து எடு, பாட்டில் இங்கே வை, இவ்வளவு சத்தம் கொடு, இந்தப் பிளக்-இன் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் சிறு கருவி) வழியாக விடு என்ற கட்டளைகள்தான் புராஜெக்ட் ஃபைலில் இருப்பவை. எவ்வளவு நறுக்கினாலும் மூலப்பதிவு அப்படியே இருப்பது இந்த ஏற்பாட்டால்தான். அருமையான ஏற்பாடு, ஆனால் ஒரு கணினியை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது சிக்கலாகிறது.

சரி, முழு ஃபோல்டரையும் அனுப்பினால்? இருவரிடமும் ஒரே மென்பொருளும் ஒரே பிளக்-இன்களும் இருந்தால் வேலை சுலபம். ஏதாவது ஒரு சிந்தசைசர் பிளக்-இன் அங்கே இல்லையென்றால் அந்த டிராக் ஊமையாகிவிடும். அந்த டிராக்கில் பதிவாகியிருப்பது மிடி எனும் வாசிப்புக் குறிப்புதான்; அதில் இருப்பது எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற தகவல் மட்டுமே, ஒலியைத் தருவது பிளக்-இன்தான். வெவ்வேறு மென்பொருள்களுக்கு நடுவே புராஜெக்டை எடுத்துப்போக, இசை மென்பொருள் நிறுவனங்களான பிட்விக்கும் பிரிசோனஸும் சேர்ந்து 2023இல் 'டா புராஜெக்ட்' என்ற திறந்த வடிவத்தை வெளியிட்டன. நல்ல முயற்சி. ஆனாலும் இல்லாத பிளக்-இன்னை அதனால் வரவழைக்க முடியாது.

ஆகவே நான் நம்புவது பழைய வழியைத்தான்: ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே நீள வேவ் ஃபைலாக எடுத்து அனுப்புவது. கோரஸ் இரண்டு நிமிடம் கழித்துத்தான் வருகிறது என்றாலும் அதன் ஃபைல் பூஜ்யத்திலேயே தொடங்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் ஒரு நொடிக்கு 48,000 சாம்பிள்கள், அதாவது ஒலியை அத்தனை முறை அளந்த எண்கள். அப்படியானால் கோரஸுக்கு முன்னால் 57,60,000 சாம்பிள்கள் அளவுக்கு மௌனம் இருக்கும். அதை வீண் என்று வெட்டக் கூடாது. வேவ் ஃபைலில் காலம் என்பதே சாம்பிள்களின் எண்ணிக்கைதான். எல்லா ஃபைல்களையும் திரையில் காலக்கோட்டின் இடது ஓரத்தில் வைத்தால் பாட்டு தானாகவே பொருந்திவிடும்.

இந்தப் பொருத்தம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு டிரம்ஸைப் பார்க்கலாம். ஒரே அடியைப் பல மைக்குகள் கேட்கின்றன. அவற்றில் ஒரு டிராக் 24 சாம்பிள்கள் நகர்ந்தால், அதாவது அரை மில்லிநொடி, 1 கிலோஹெர்ட்ஸ் அலையில் அது சரியாகப் பாதிச் சுற்று. மேடும் பள்ளமும் மோதி, அந்த அலை தேய்ந்துபோகும். டிரம்ஸ் மெலிந்து ஒலிக்கும். எம்பி3 ஆக அனுப்பக் கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம். தகவலை இழப்பது போதாதென்று, எம்பி3 குறியாக்கம் ஃபைலின் தொடக்கத்தில் கொஞ்சம் மௌனத்தையும் சேர்த்துவிடுகிறது. ஃபைலைச் சுருக்க வேண்டுமென்றால் ஃப்ளாக் இருக்கிறது, அதில் ஒரு சாம்பிள்கூட மாறாது.

சாம்பிள் ரேட்டை முதலிலேயே பேசி முடிவு செய்வது நல்லது. 44.1 கிலோஹெர்ட்ஸில் எடுத்ததை மாற்றாமல் 48இல் ஓட்டினால் பாட்டு சுமார் 9 சதவீதம் வேகமாக ஓடும், சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். ஒவ்வொரு சாம்பிளையும் எத்தனை பிட்டில் எழுதுவது என்ற பிட் ஆழம் 24 போதும். உச்சம் டிஜிட்டல் வரம்பான பூஜ்ய டெசிபலைத் தாண்டும் என்ற பயம் இருந்தால் 32-பிட் ஃப்ளோட்டில் எடுக்கலாம், அதில் தாண்டியதையும் மிக்ஸ் செய்பவர் குறைத்து மீட்டுக்கொள்வார். 24-பிட் மோனோ ஃபைல் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட். நான்கு நிமிடப் பாட்டுக்கு 20 டிராக் என்றால் கிட்டத்தட்ட 690 மெகாபைட்.

அனுப்பும் முன் சோதிக்க எளிய வழி உண்டு. எடுத்த ஃபைலைப் புராஜெக்டில் மூல டிராக்குக்குப் பக்கத்தில் வைத்து அதன் துருவத்தைத் தலைகீழாக்குங்கள், அதாவது அலையின் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் மாற்றுங்கள். இரண்டும் ஒன்றையொன்று முழுதாக அழித்தால் ஃபைல் சரி. ஏதாவது கேட்டால் எங்கோ நகர்ந்திருக்கிறது அல்லது மாறியிருக்கிறது.

அப்புறம் எஃபெக்ட்ஸ். ரிவெர்பை, அதாவது அறையின் முழக்கம் போன்ற எஃபெக்டை, எடுத்துவிடலாம், மிக்ஸ் செய்பவர் தன் ரசனைப்படி போட்டுக்கொள்வார். கிதார் ஆம்ப்பின் கரகரப்பு வாசிப்போடு ஒட்டிய விஷயம், அதை விட்டுவைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் எஃபெக்டோடும் இல்லாமலும் இரண்டு ஃபைல்களாக அனுப்பலாம். கூடவே, நீங்கள் இதுவரை கேட்டுப் பழகிய தோராய மிக்ஸையும் அனுப்புங்கள். அது மட்டும் எம்பி3 ஆக இருந்தால் பரவாயில்லை. எந்தக் குரல் முன்னால் நிற்க வேண்டும் என்பதை எந்தக் குறிப்பையும்விட அது தெளிவாகச் சொல்லும். பாட்டின் டெம்போவையும் மறக்காமல் எழுதிவிடுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500 மில்லிநொடி. எதிரொலியைத் தாளத்தோடு சேர்த்து வைக்க அவருக்கு அந்த எண் தேவை.