மீன்நீர்ப் பசுமைக்குடிலில் செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளி?

வயலில் கத்தரி நடும்போது இரண்டு அடி இடைவெளி விடுவதில் பாதிக் காரணம் வேர். பக்கத்துச் செடி நீரையும் உரத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும். மீன்கழிவு கலந்த நீரையே உரமாக்கி மண்ணில்லாமல் செடி வளர்க்கும் அக்வாபோனிக்ஸில் இந்தப் பாதி கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. மீன்தொட்டி நீர் நாள் முழுதும் வேர்களைத் தொட்டு ஓடுவதால் சாப்பாடு செடியைத் தேடி வருகிறது. அதனால்தான் புதிதாகத் தொடங்குபவர்கள் செடி வைக்கும் ஓட்டைகளை நெருக்கமாகப் போட்டுவிடுகிறார்கள். வெளிச்சமும் காற்றும் மேலே பழைய அளவில்தான் இருக்கின்றன என்பது மூன்றாம் வாரத்தில்தான் தெரியும்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2014-ஆம் ஆண்டு அக்வாபோனிக்ஸ் கையேடு தரும் அளவுகள் நல்ல தொடக்கம்: லெட்டூஸ் (சாலட் கீரை) 18–30 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 20–25 செடி. தக்காளி 40–60 செ.மீ. இடைவெளியில் 3–5 செடி. பேசிலுக்கு (துளசி இன மூலிகை) சதுர மீட்டருக்கு 8 முதல் 40 செடி வரை என்று பெரிய வீச்சு. இளசாக ஒரே வெட்டில் எடுப்பதென்றால் நெருக்கலாம். கிளைக்கவிட்டுப் பலமுறை வெட்டுவதென்றால் 8தான் சரி.

நெருங்கினால் நடப்பது இது. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளியை வெளியே விட்டுவிடும். பக்கத்து இலையில் பட்டு வரும் ஒளியில் சிவப்பு குறைந்திருப்பதைச் செடி உணர்ந்ததும், நிழல் வரப்போகிறது என்று தண்டை நீட்டத் தொடங்கும். மெலிந்து உயர்ந்து, கடைசியில் சாயும். அதைவிடத் தொல்லை ஈரம். இலைகளுக்கு நடுவே காற்று ஓடாவிட்டால் நீராவி அங்கேயே தேங்கி, இலை நீரை வெளியேற்றுவது குறைகிறது. கால்சியம் அந்த நீரோட்டத்தோடுதான் மேலேறும். ஓட்டம் குறைந்தால் உள் இளம் இலைகளுக்குப் போய்ச் சேராது. நீரில் கால்சியம் போதுமான அளவு இருந்தும் லெட்டூஸின் நடு இலைகள் நுனி கருகுவது இதனால்தான். பூஞ்சையும் அதே ஈரத்தில் பரவும். வயலில் தாமிரக் கலவை தெளிக்கலாம். இங்கே தெளித்தால் மீன் சாகும். ஆகவே நோய்த்தடுப்பின் பெரும்பங்கை இடைவெளியும் மின்விசிறியும்தான் சுமக்க வேண்டும்.

இடத்தை மிச்சப்படுத்த முக்கோண நடவு நல்லது என்பார்கள். பெரிய பரப்பில் உண்மைதான்: அதே 20 செ.மீ. தூரத்தில் 15 சதவீதம் கூடுதல் செடி கிடைக்கும். ஆனால் 1.2 × 2.4 மீட்டர் மிதவைப் பலகையில் (செடிகளைத் தாங்கி நீரில் மிதக்கும் ஓட்டைப் பலகை) ஓரத்தில் 10 செ.மீ. விட்டு வரைந்து பாருங்கள். சதுர நடவில் ஆறு செடி வீதம் 12 வரிசை, மொத்தம் 72. முக்கோணத்தில் 13 வரிசை வரும். ஆனால் ஒன்றுவிட்ட வரிசையில் ஐந்துதான் அடங்கும். கூட்டினால் அதே 72!

உண்மையான மிச்சம் நாற்றை இடம் மாற்றுவதில் இருக்கிறது. இரண்டு வார நாற்றைப் பலகைக்குக் கொண்டுவந்து நான்கு வாரம் வளர்ப்பதாக வைத்துக்கொள்வோம். தொடக்கம் முதலே 20 செ.மீ. விட்டால் முதல் இரண்டு வாரம் பலகையில் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கும். அந்த இரண்டு வாரம் 10 செ.மீ. ஓட்டைப் பலகையில் வைத்து, இலைகள் ஒன்றையொன்று தொடும் முன் 20 செ.மீ. பலகைக்கு மாற்றினால், அதே விளைச்சலுக்கு 37 சதவீதம் குறைவான பரப்பு போதும். மாற்றும்போது நெட் பாட்டை (செடி நிற்கும் வலைக்கிண்ணம்) அப்படியே தூக்குங்கள். வேர்கள் பின்னிக்கொள்ளும்வரை விட்டால் கிழியும். கிழிந்த வேரில் அழுகல் நுழையும்.

எந்த வயதுச் செடி எவ்வளவு பரப்பில் என்பது மீனையும் பாதிக்கும். கீரை வகைக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40–50 கிராம் மீன் தீவனம் என்பது அதே கையேட்டின் கணக்கு. 10 சதுர மீட்டருக்கு 400–500 கிராம். மீன் தினமும் ஒரே அளவு தின்னும். எல்லாச் செடியும் ஒரே வயதென்றால் அவை தினமும் ஒரே அளவு எடுக்காது. நாற்றுப் பருவத்தில் நைட்ரேட் தேங்கும், முதிரும்போது பற்றாக்குறை வரும். கரீபியன் தீவான செயின்ட் குரோயில், வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில், ஜேம்ஸ் ராக்கோசி குழு திலேப்பியா மீன் வளர்த்த நீரில் பேசிலை மொத்தமாக ஒரே நாளிலும், பகுதி பகுதியாகத் தவணை முறையிலும் நட்டு ஒப்பிட்டது. ஒரே நாளில் நட்ட பயிரில் சத்துக்குறை அறிகுறி தெரிந்தது; தவணை முறையில் நட்டது தேறியது. எனவே பரப்பை நான்காகப் பிரித்து வாரம் ஒரு பங்கு நடுங்கள், ஒரு பங்கு அறுங்கள். வேரிலும் பலகையின் அடியிலும் மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியா ஒட்டியிருக்கிறது. தனி உயிர்வடிகட்டி (இந்தப் பாக்டீரியா வளரும் தொட்டி) இல்லாத அமைப்பில் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கினால் அம்மோனியா ஏறும்.

உயரமான செடியை வடக்கு ஓரத்தில் வை என்ற விதி குளிர்நாட்டுப் புத்தகங்களிலிருந்து வந்தது. சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கும். அப்போது வடக்கு ஓரத்துத் தக்காளிதான் கீரைக்கு நிழல் போடும். கோடையில் லெட்டூஸுக்கு அந்த நிழல் உதவலாம், பேசிலுக்கு வேண்டாம். எப்படியானாலும் உயரப் பயிர் வரிசைகள் வடக்கு–தெற்காக ஓடினால் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் வெயில் கிடைக்கும்.

தக்காளியை மெல்லிய குழாய்களில் வைக்க வேண்டாம். வேர் அடைத்து நீர் வழியும். சரளைப் படுகைதான் அதற்கு இடம், அதுவும் படுகை நீரைத் தானாக வடிக்கும் சைபன் குழாயிலிருந்து தள்ளி. புதினாவுக்குத் தனித் தொட்டி. கீரைக் குழாய்க்கு மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு, நிமிடத்துக்கு 1–2 லிட்டர் நீர். நீளம் 12 மீட்டரைத் தாண்டினால் கடைசிச் செடிகள் வெளிறும். படுகை அகலம் 1.2 மீட்டர், இருபுறமும் 60 செ.மீ. நடைபாதை இருந்தால் நடுச்செடி வரை கை எட்டும்.

அறுத்த ஓட்டையை அன்றே மூடிவிடுங்கள், ஒரு தெர்மாகோல் துண்டு போதும். வெளிச்சம் உள்ளே விழுந்தால் பாசி பிடிக்கும், திறந்த நீரில் கொசு முட்டையிடும்.