மங்கிய வெயிலில் திறக்கும் 28 மெகாஹெர்ட்ஸ்

வெயில் கொளுத்தும் கோடையில்தானே வானொலி அலையைத் திருப்பியனுப்பும் அயனி மண்டலம் வலுவாக இருக்கும், பிறகு ஏன் இங்கிலாந்து ஹாம்கள் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள்) 28 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்காவைப் பிடிக்கக் குளிர்காலம் வரை காத்திருக்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். லண்டனில் ஜூன் நண்பகலில் சூரியன் 62 டிகிரி உயரத்தில் நிற்கும். டிசம்பரில் 15 டிகிரியை எட்டுவதே பெரும்பாடு. ஆனாலும் சூரியப் புள்ளிகள் மிகுந்த வருடமென்றால், அந்த டிசம்பர் பிற்பகல் ஒரு மணிக்கு, நியூயார்க்கில் காலை எட்டாகும்போது, வெறும் 100 வாட்டில் அரட்டையே அடிக்கலாம்.

புற ஊதாக் கதிர் எலக்ட்ரானைப் பிரிக்கிறது, எலக்ட்ரான் அடர்ந்த அடுக்கு சிற்றலையை வளைத்துத் தரைக்கு அனுப்புகிறது. சரி, இதெல்லாம் பள்ளிப்பாடம். பிரிந்த எலக்ட்ரான் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதில்தான் சுவாரஸ்யம்.

சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில், சிற்றலையை வளைக்கும் எஃப்2 அடுக்கில், ஆக்சிஜன் பெரும்பாலும் தனித்தனி அணுக்களாகத் திரிகிறது. எலக்ட்ரானை இழந்த ஆக்சிஜன் அணு, எதிரே வரும் இன்னொரு எலக்ட்ரானை நேரடியாகச் சேர்த்துக்கொள்வது அபூர்வம். சேரும்போது மிஞ்சும் ஆற்றலை ஒளியாக உமிழ்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. நடுவில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு வந்தால் கதையே வேறு. அயனி அதனோடு வினைபுரிந்து நைட்ரிக் ஆக்சைடு அயனி ஆகிவிடும். அது எலக்ட்ரானைப் பிடித்த கையோடு இரண்டாக உடையும். மிஞ்சிய ஆற்றலை இரு துண்டுகளும் பங்கிட்டுக்கொண்டு பறந்துவிடும். எலக்ட்ரானுக்கு எமன் நைட்ரஜன்தான்.

கோடையில் சூடேறிய மேல்வளிமண்டலம் பொங்கும்போது, கீழிருக்கும் நைட்ரஜனும் மேலே ஏறுகிறது. அங்கிருந்து காற்று குளிர்கால அரைக்கோளத்துக்கு வீசி, அங்கே கீழிறங்குகிறது; ஆக்சிஜன் அணுக்கள் அந்தப் பக்கம் குவிய, நைட்ரஜனின் பங்கு குறைகிறது. தொட்டிக் கணக்குதான்: கோடையில் குழாய் பெரிதாகத் திறந்திருக்கிறது, ஓட்டையும் பெரிது. குளிர்காலத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தாலும் தங்குகிறது. ஆனால் பொழுது சாய்ந்தால் நீண்ட இரவு. 28 மெகாஹெர்ட்ஸ் அடங்கிவிடும். ஹாம்கள் 7க்கும் 3.5க்கும் இறங்கிவிடுவார்கள்.

இங்கிலாந்தின் ஸ்லௌ போன்ற நிலையங்கள் 1930களிலிருந்து விடாமல் மேல்நோக்கி வானொலித் துடிப்பு அனுப்பி அளந்ததால்தான் இந்த முரண் கண்ணில் பட்டது. 'அதே அளவையை இன்னும் இருபது வருடம் எடுக்கிறோம்' என்று இன்று நிதி கேட்டுப் போய்ப் பாருங்கள்! ராக்கெட் விட்டால்தான் போட்டோ வரும், காசும் வரும்.

நம்மூருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனை வழியாகப் போவதால், இங்கே மார்ச்சையும் செப்டம்பரையும் ஒட்டிய மாதங்களில்தான் ஆன்டெனாவைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.