காந்தம் ஒட்டவில்லை என்றால் வெள்ளியா?

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே கிடந்த பெரிய நாணயம் ஒன்றை வாங்கிய வாசகர் கேட்கிறார்: “காந்தம் ஒட்டவில்லை. அப்போ வெள்ளிதானே?”

அவர் அனுப்பிய படத்தில் இருப்பது பிரெஞ்சு இந்தோசீனாவின் (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) வெள்ளி நாணயமான பியாஸ்தர். கதிர்முடி சூடி உட்கார்ந்திருக்கும் சுதந்திர தேவி, கீழே 1908. பின்பக்கம் ‘தரம் 0.900, எடை 27 கிராம்’ என்று பிரெஞ்சில் இருக்கிறது. அதாவது 90 சதவீதம் வெள்ளி. பட்டாளத்துக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் சைகோன் போன குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய. அதனால் அங்கே இது கிடைப்பது இயல்புதான். ஆனால் பியாஸ்தருக்குப் போலிகளும் ஏராளம்.

காந்தம் ஒட்டினால் போலி, சரி. ஒட்டாவிட்டால் எதுவும் முடிவாகாது. பித்தளையிலும் ஈயத்திலும்கூட ஒட்டாது. நம் பழைய கனமான ஐந்து ரூபாயில் இருக்கும் செம்பு-நிக்கல் கலவையிலும் ஒட்டாது.

பார்க்க வேண்டியது காந்தம் வழுக்கும் வேகத்தை. நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து, பொட்டு அளவு நியோடிமியம் காந்தத்தை மேலிருந்து விடுங்கள். ஐந்து ரூபாயில் சட்டென்று விழும். வெள்ளியில் தேனில் இறங்குவதுபோல மெல்ல இறங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. காந்தம் நகர நகர, அடியிலிருக்கும் உலோகத்தில் மின்னோட்டம் சுழல்கிறது. லென்ஸ் விதிப்படி அந்த ஓட்டம் நகர்வை எதிர்க்கிறது. காந்தம் முழுதாக நின்றுவிடவும் முடியாது. நின்றால் சுழல் ஓட்டம் இல்லை, ஓட்டம் இல்லையென்றால் தடையும் இல்லை.

பியாஸ்தரிலும் 10 சதவீதம் செம்பு இருக்கிறதே, அது ஏன் இதைக் கெடுப்பதில்லை? வெள்ளியும் செம்பும் உருகும்போது ஒன்றாகும். ஆறும்போது பெரும்பாலும் தனித்தனித் துகள்களாகப் பிரிந்துகொள்ளும். எலக்ட்ரான்களுக்கு வெள்ளி வழி திறந்தே கிடக்கும். நிக்கல் அப்படியல்ல. செம்பின் அணு வரிசைக்குள்ளேயே புகுந்து, ஓடும் எலக்ட்ரான்களை அடிக்கு அடி இடறிவிடும். செம்பும் நல்ல கடத்தி, நிக்கலும் மோசமில்லை. இரண்டும் கலந்தால் கடத்துதிறன் வெள்ளியில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது!

காந்தம் என்றதும் ‘ரைஸ் புல்லிங்’ ஞாபகம் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் செப்புக்காசு அரிசியை இழுக்கும் என்று சொல்லி இன்றும் லட்சக்கணக்கில் ஏமாற்றுகிறார்கள். செம்புக்கு அந்தச் சக்தி கிடையவே கிடையாது. காசுக்குள் காந்தம், அரிசிக்குள் இரும்பு, அவ்வளவுதான். உங்கள் வீட்டு அரிசியை எடுத்துப்போய் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ராமர் பட்டாபிஷேகம் போட்ட கம்பெனிக் காசு என்று விற்பதையும் கம்பெனி அடித்ததே இல்லை. எட்டாம் வகுப்பு ஆய்வகத்தில் ஆளுக்கொரு காந்தம் கொடுத்தாலே இந்த வியாபாரம் பாதி படுத்துவிடும் என்று நம்புகிறேன்.

ஒன்று பாக்கி. வெள்ளி முலாம் பூசிய செம்பு இந்த வழுக்கல் சோதனையில் தேறிவிடும். அதற்குத் தண்ணீர் வேண்டும். சின்னத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, பூஜ்ஜியம் ஆக்குங்கள். நூலில் கட்டிய நாணயத்தை அடி தொடாமல் முழுதாக அமிழ்த்துங்கள். தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் நாணயத்தின் கன அளவு. 27 கிராம் செம்பு என்றால் 3.0 காட்டும்.

வாசகர் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். தேய்ந்துபோன அவர் நாணயத்தின் எடை 26.8, தண்ணீரில் 2.6. எடையைக் கன அளவால் வகுத்தால் 10.3. 90 சதவீத வெள்ளியின் அடர்த்தியும் அதுவே. வெள்ளிதான்.